சுற்றாத செயற்கைக்கோள்கள்: மாணவர் ராக்கெட் செய்திகளை வாசித்த ஒரு குறிப்பு

அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். போன கோடை விடுமுறையில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு (பெயர் வேண்டாம், இந்த மாதிரி நிறைய நடக்கின்றன) ஒரு சான்றிதழோடு வந்தான். அவன் ஒரு செயற்கைக்கோளை வடிவமைத்ததாகத் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. பெட்டியை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். செல்போனில் படம் காட்டினான். தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே வெப்பமும் காற்றழுத்தமும் அளக்கும் ஒரு சென்சார், ஒரு சின்ன போர்டு, பேட்டரி.

"இது எங்கடா சுத்தும்?" என்றேன்.

"ராக்கெட்ல போகும் மாமா."

"போயி?"

"டேட்டா அனுப்பும்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திண்ணையில் வலைக்கு மணி கோத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். காரைக்கால்மேட்டில் அவர் வயதுக்காரர்களுக்குச் செயற்கைக்கோள் ஒன்றும் புதிதில்லை. போட்டில் ஜிபிஎஸ் இல்லாமல் யாரும் போவதில்லை. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறோமா அந்தப் பக்கம் இருக்கிறோமா என்பதை அந்தச் சின்னத் திரைதான் சொல்கிறது. அவர் கேட்டது இதுதான்: "ஏம்ப்பா, இது ஜிபிஎஸ்ஸு மாதிரி மேலயே நிக்குமா, இல்ல விழுந்துருமா?"

பையனுக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து, 2017லிருந்து மாணவர் ராக்கெட், மாணவர் செயற்கைக்கோள் பற்றித் தமிழில் வந்த செய்திகளை முடிந்தவரை தேடி வாசித்தேன். அந்த வாசிப்பிலிருந்து வந்ததுதான் இந்தக் குறிப்பு. என் புகார் இரண்டு. ஒன்று, ஒரு சொல். இன்னொன்று, எல்லாச் செய்தியும் பாதியிலேயே முடிந்துவிடுவது.

முதலில் சொல். பூமியைச் சுற்றினால்தான் அது செயற்கைக்கோள். சுற்றுவதற்கு உயரம் மட்டும் போதாது, பக்கவாட்டு வேகம் வேண்டும். 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிற ஒரு பொருள் நொடிக்கு சுமார் 7.7 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. காரைக்காலிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் அரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளை நேர் மேலே 80 கி.மீ. உயரத்துக்கு எறிய வேண்டுமானால், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காமல், நொடிக்கு 1.25 கி.மீ. போதும். வேகத்தில் ஆறு மடங்கு வித்தியாசம். ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், அதில் கிட்டத்தட்ட நாற்பது மடங்கு வித்தியாசம். மேலே போய்விட்டுக் கீழே வருவதும் சுற்றுவதும் ஒரே வேலையின் சின்ன அளவு, பெரிய அளவு அல்ல. வேறு வேறு வேலைகள்.

இதை வைத்துக்கொண்டு செய்திகளைப் பாருங்கள். 2017 ஜூன் 22 அன்று, கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி மாணவர் ரிஃபாத் ஷாரூக்கும் நண்பர்களும் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் துணையோடு செய்த கலாம்சாட், அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் தளத்திலிருந்து போனது. எடை 64 கிராம். கார்பன் இழை கலந்த பொருளில் முப்பரிமாண அச்சில் செய்த கூடு. அந்த வயதில் அது பெரிய வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கொண்டுபோனது டெரியர்-ஓரியன் என்ற ஆய்வு ராக்கெட். 100 கிலோமீட்டரைத் தாண்டி ஏறும், சில நிமிடங்கள் எடையற்ற நிலை கிடைக்கும், பிறகு பாராசூட்டில் அட்லாண்டிக் கடலில் இறங்கும். திட்டமே அதுதான். நம் ஊர்த் தலைப்புகளோ 'உலகின் மிகச்சிறிய செயற்கைக்கோள்' என்றன.

இதே அமைப்பின் கலாம்சாட் வி2, 2019 ஜனவரி 24 அன்று பிஎஸ்எல்வி சி44 ராக்கெட்டில் போனது. ராக்கெட்டின் நான்காம் நிலையை வழக்கம்போல் வெறும் குப்பையாக விடாமல், அதையே சுற்றுகிற மேடையாக இஸ்ரோ பயன்படுத்திய முதல் முறை அது. அந்த மேடையில் பொருந்தியபடி கலாம்சாட் உண்மையிலேயே பூமியைச் சுற்றியது. முதலாவது விழுந்தது, இரண்டாவது சுற்றியது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் அந்த மாணவர்கள் கற்றுக்கொண்ட தூரம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதியபோது அந்தத் தூரம் அழிந்துபோனது. 2019 செய்தியை வாசித்தவர்களில் எத்தனை பேர், 'ஏற்கெனவே விட்டாங்களே, மறுபடியும் எதுக்கு?' என்று நினைத்திருப்பார்களோ.

இஸ்ரோவே இந்த விஷயத்தில் சொல்லை வீணாக்குவதில்லை. ரோகிணி 200 என்று ஒரு ராக்கெட் உண்டு. இரண்டு நிலை, மூன்றரை மீட்டர் நீளம், 200 மில்லிமீட்டர் விட்டம், சுமார் 80 கி.மீ. வரை போகும். தும்பாவிலிருந்து 2022 நவம்பர் 23 அன்று அது தொடர்ச்சியாக 200வது முறையாக வெற்றிகரமாகப் பறந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியபோதும் அங்கிருந்து ஏவியது இதைத்தான். 200 முறை போய் வந்த இதன் தலைக்குள் இருந்த கருவிகளை யாரும் செயற்கைக்கோள் என்று சொன்னதில்லை. சவுண்டிங் ராக்கெட் என்பார்கள். அந்த 'சவுண்டிங்'குக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது கப்பல்காரர்களின் சொல். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி எத்தனை பாகம் தண்ணீர் என்று பார்ப்பது. எங்கள் ஊரில் இன்றைக்கும் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள். ஆழம் பார்க்கிற ராக்கெட் என்று பெரியப்பாவிடம் சொன்னதும், "அப்ப விழுந்துரும்" என்றார்.

சரி, 'பேரு என்னவா இருந்தா என்ன, புள்ளைங்க ஆர்வமா செய்யுதுல்ல' என்று கேட்கலாம். எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. கேன்சாட் என்று ஒரு விளையாட்டு உலகமெங்கும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பாப் ட்விக்ஸ் 1998இல் சொன்ன யோசனை. அடுத்த ஆண்டே நெவாடா பாலைவனத்தில் தனியார் ஆர்வலர்களின் ராக்கெட்டுகளில் ஏற்றிப் பார்த்தார்கள். குளிர்பான டப்பா அளவுக் கருவியைச் சில கிலோமீட்டர் மேலே கொண்டுபோய்த் தள்ளிவிட்டு, இறங்கி வருவதற்குள் வேலையைச் செய்ய வைப்பது. பெயரில் 'சாட்' இருக்கிறது, சுற்றுவதில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் அங்கே பரீட்சையே விழுவதில்தான் இருக்கிறது. எந்த வேகத்தில் இறங்கியது, தரவு அறுந்ததா, டப்பா கிடைத்ததா என்றுதான் மதிப்பெண். இது விழும் என்று முதல் நாளே பிள்ளைகளுக்குத் தெரியும். என் மருமகனுக்குத் தெரியவில்லை.

இங்கேதான் என் இரண்டாவது புகார் வருகிறது. அதற்கு முன்னால், தனியார் ஆர்வலர் ராக்கெட் என்கிற பொழுதுபோக்கு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1957இல் ஸ்புட்னிக் பறந்த காலத்தில் அமெரிக்கப் பையன்கள் வீட்டுக் கொல்லையில் குழாய்க்குள் ரசாயனத்தை இடித்து அடைத்து ராக்கெட் விட்டுக் கை விரல்களை இழந்துகொண்டிருந்தார்கள். ஒயிட் சாண்ட்ஸ் தளத்தில் ராக்கெட் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் இந்த ஆபத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்துவிட்டு, நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர், தானே செய்த காகிதக்குழாய் மோட்டாரை அவருக்கு அனுப்பி வைத்தார். தொழிற்சாலையில் அடைத்த மோட்டார், மின்சாரத்தால் தூரத்திலிருந்து பற்றவைப்பு, கீழே இறங்கப் பாராசூட். இந்த மூன்றிலிருந்துதான் மாடல் ராக்கெட் என்ற விளையாட்டும் அதன் பாதுகாப்பு விதிகளும் பிறந்தன. அடிப்படை விதி: மருந்தை நீ கலக்காதே. (இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கும் அதேதான். யூடியூபில் சர்க்கரை ராக்கெட் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போகாதீர்கள். நம் நாட்டில் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் குறுக்கே நிற்கும். சட்டத்துக்கு முன்னாலேயே கை போய்விடும்.)

மோட்டார்களுக்கு ஆங்கில எழுத்துகளில் வரிசை. ஒவ்வொரு எழுத்துக்கும் உச்ச உந்தம் இரட்டிப்பாகும். ஜி வரை மாடல் ராக்கெட்; 160 நியூட்டன்-செகண்டைத் தாண்டிவிட்டால் அது உயர்திறன் ராக்கெட், அதற்குச் சான்று வேண்டும். எச், ஐ மோட்டார்களுக்கு முதல் நிலை; ஜே, கே, எல்லுக்கு இரண்டாம் நிலை, எழுத்துத் தேர்வும் உண்டு; எம், என், ஓவுக்கு மூன்றாம் நிலை. ஓ மோட்டாரின் உச்சம் 40,960 நியூட்டன்-செகண்ட். வார இறுதிப் பொழுதுபோக்கு என்று சொன்னால் நம்ப முடியாத அளவு அது.

அந்தச் சான்றை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். எவ்வளவு உயரம் போனது என்று கேட்பதில்லை. ராக்கெட்டை நீயே கட்டியிருக்க வேண்டும். நேராகப் போக வேண்டும். பாராசூட் விரிய வேண்டும். பிறகு நீ நடந்து போய் அதை எடுத்துக்கொண்டு வந்து மூத்தவரிடம் காட்ட வேண்டும். அவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இன்னொரு மோட்டார் போட்டால் இப்போதே மறுபடி பறக்குமா? பறக்கும் நிலையில் இருந்தால்தான் தேர்ச்சி. துடுப்பு உடைந்திருந்தால் இல்லை, மோட்டார் கூடு வழியில் கழன்று விழுந்திருந்தால் இல்லை. அழகாக ஏறி, எல்லோரும் கைதட்டி, பாராசூட் விரியாமல் மூக்குக் குத்தித் தரையில் நின்றால் அதற்கு ஒரு கேலிப் பெயரும் உண்டு: லான் டார்ட், புல்தரையில் குத்திய ஈட்டி. ஏறுவது யாருக்கும் வரும், இறங்குவதில்தான் ஆள் தெரியும் என்று அந்த ஆட்கள் ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள்.

இப்போது நம் செய்திகள். 2023 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மாவட்டம் பட்டிபுலம் கடற்கரையிலிருந்து அப்துல் கலாம் பெயரிலான மாணவர் ராக்கெட் ஏவப்பட்டது. மார்ட்டின் அறக்கட்டளை, கலாம் சர்வதேச அறக்கட்டளை, ஸ்பேஸ் ஜோன் இந்தியா சேர்ந்து நடத்தியது. 150 'பிகோ செயற்கைக்கோள்கள்'. 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து ஸ்பேஸ் ஜோன் இந்தியாவின் ரூமி-1, நகரும் ஏவுமேடையிலிருந்து. மூன்று 'கியூப் செயற்கைக்கோள்கள்', 50 'பிகோ செயற்கைக்கோள்கள்'. துணை சுற்றுப்பாதைப் பயணம் என்று நிறுவனத் தரப்பில் சொன்னதும் செய்திகளில் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அதாவது இது சுற்றாது, விழும் என்று ஒரு வரி விளக்கியிருக்கலாம். நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை எத்தனை மாணவர்கள், எத்தனை பள்ளிகள், மேடையில் யார் யார் என்று விரிவாகச் சொல்லிவிட்டு, ராக்கெட் 'விண்ணில் பாய்ந்ததோடு' நின்றுவிட்டன. உச்சத்தில் அளந்த உயரம் என்ன? பெட்டிகள் எந்த இடத்தில் இறங்கின? யார் போய் எடுத்தார்கள்? 50 பெட்டிகளில் எத்தனை தரவு தந்தன? ஒரு எட்டாம் வகுப்பு மாணவி தன் பெட்டியின் வெப்பநிலைக் கோட்டைப் பார்த்தாளா? மூத்தவர் ஒருவர் திருப்பிப் பார்த்திருந்தால் கேட்டிருக்கக் கூடிய கேள்விகள்தான் இவை.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. ரூமி-1 பற்றிச் சொல்லப்பட்டதில் மிகச் சுவாரசியமான விஷயத்தைச் செய்திகள் ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போய்விட்டன. அது கலப்பின மோட்டார். பாராசூட்டை வெளியே தள்ளவும் வெடிமருந்து இல்லாமல் மின்சார முறை என்றார்கள். பொழுதுபோக்கு ராக்கெட்டுகளில் பொதுவாகக் கருமருந்துச் சிட்டிகை ஒன்றை வெடித்துத்தான் பாராசூட்டைத் தள்ளுவார்கள். கலப்பின மோட்டாரில் எரிபொருள் திடமாக ஒரு பக்கம், ஆக்சிஜன் தரும் திரவமோ வாயுவோ வேறு தொட்டியில். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாதுவானவை. வெடிபொருள் விதிகள் இவ்வளவு இறுக்கமாக இருக்கிற நாட்டில், ஒரு கல்லூரி மைதானத்திலாவது உயர்திறன் ராக்கெட் பழக்கம் வரவேண்டுமானால் அது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வரும். இதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கலாம். 53 செயற்கைக்கோள் என்ற எண்ணிக்கை அந்தப் பக்கத்தைத் தின்றுவிட்டது.

தோல்வியைச் சொன்னால் பிள்ளைகள் மனசு உடைந்துவிடும் என்று ஒரு பயம் இருக்கலாம். அதற்கு நம்மிடமே பதில் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம். உள்ளே ஆசாதிசாட்: 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் செய்த 75 சின்னக் கருவிகள், மொத்தம் எட்டு கிலோ. ராக்கெட் ஏறியது. ஆனால் 356 கி.மீ. வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் விட்டது. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது, அது பிடித்து இழுத்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், வேகத்தில் குறைந்தது சுமார் ஒரு சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கே இஸ்ரோ, செயற்கைக்கோள்கள் இனிப் பயன்படா என்று அறிவித்தது. இரண்டாம் நிலை பிரிந்தபோது வந்த அதிர்வை முடுக்கமானிகளின் கோளாறு என்று கணினி தப்பாக எடுத்துக்கொண்டதைப் பின்னர் விளக்கியது. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சரியாகச் சுற்றுப்பாதை சேர்ந்தது.

ஒரு சதவீதம் குறைந்தால் என்ன ஆகும் என்று அந்த 750 பேருக்குத் தெரியும். பட்டிபுலம் ஏவுதல் நடந்தது அந்த இரண்டாவது வெற்றிக்கு ஒன்பது நாள் கழித்து. ஒரே மாதத்தில், ஒரே மாநிலத்துச் செய்திகளில், ஒன்று சுற்றியது, ஒன்று சுற்றுவதற்காகச் செய்யப்படவே இல்லை. தலைப்பில் இரண்டுக்கும் ஒரே சொல்.

காரைக்காலில் வானிலைத் துறை நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கருவி கட்டிய பலூனை ஏற்றுகிறார்கள். உலக வானிலை வரிசையில் அந்த நிலையத்தின் எண் 43346. இப்படிப்பட்ட பலூன் நன்றாக ஏறினால் 30 கி.மீ.க்கு மேல் போய் வெடிக்கும். பெட்டி ஒரு சின்னப் பாராசூட்டில் இறங்கும். வழியெல்லாம் வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், காற்றின் திசை என்று அனுப்பிக்கொண்டே போகும். பையன் முகாமில் செய்த பெட்டியின் வேலையும் கிட்டத்தட்ட இதேதான். பலூன் பெட்டிக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. ஆனால் அதன் தரவு பொதுவில் கிடைக்கிறது, புயல் கணிப்புக்கும் போகிறது. ஒரு நாள் தரவை எடுத்துக் காட்டினேன். 17 கி.மீ. உயரத்தில் மைனஸ் எண்பதை ஒட்டிய குளிர். "நம்ம ஊருக்கு மேலயா மாமா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

அதன் பிறகு நாங்கள் தண்ணீர் ராக்கெட்டுக்கு இறங்கினோம். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், பிவிசி குழாயில் ஏவுமேடை, சைக்கிள் பம்பு. 60 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றுவதில்லை. கயிறு நீளமாகக் கட்டித் தள்ளி நின்றுதான் இழுப்பது. மூக்கில் காற்றழுத்த சென்சார், குப்பைப் பையில் வெட்டிய பாராசூட். முதல் நாலு தடவை பாராசூட் வெளியே வரவில்லை. நாலும் லான் டார்ட். ஐந்தாவது அழகாக விரிந்தது, கச்சான் காற்று அதை அப்படியே கடலுக்குள் கொண்டுபோய்விட்டது. பையன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான்.

பெரியப்பா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில கச்சான்ல விட்டா கடலுக்குத்தான் போகும். மதியம் கொண்டல் திரும்புனப்புறம் விடு, ஊருக்குள்ள வந்து விழும்" என்றார். ஊருக்குள் விழுந்தால் யார் வீட்டு ஓடு உடையுமோ என்று எனக்குப் பயம். கடைசியில், கொண்டல் வீசும்போது அலை ஓரத்துக்குப் போய், மேடையைக் கடல் பக்கம் லேசாகச் சாய்த்து விடுவது என்று முடிவானது. காற்றுக்கு எதிராகச் சாய்த்து விட்டால் இறங்கும்போது காற்றே திருப்பிக் கொண்டுவரும். அமெரிக்கப் பாலைவனத்திலும் இதே உபாயம்தான்.

பையன் ஒரு நோட்டு போட்டிருக்கிறான். தேதி, அழுத்தம், தண்ணீர் எவ்வளவு, உயரம், காற்று, கிடைத்ததா இல்லையா. கடைசிக் கட்டத்தை அவனேதான் சேர்த்தான். இதுவரை பதினோரு வரிசை, 'கிடைத்தது' ஆறு. அதிகபட்சம் 34 மீட்டர். ஒன்பதாவது வரிசையில் உயரக் கட்டம் காலி, பேட்டரி வயர் கழன்றுவிட்டது என்று எழுதியிருக்கிறான். சான்றிதழ் அக்கா வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.